அறுந்த மாலைகள் கற்றுத்தந்த பாசி வேலை

பாசி வேலை, அதாவது பாசிமணி கோர்க்கிற வேலை, பழக ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, “எந்தப் பாசி வாங்கணும்?” என்றுதான். அறுந்துபோன நூல்களை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். பதிலுக்கு அதைத் திறந்து காட்டுவேன். ஜெபமாலை நூல், துளசி மாலை நூல், கல்யாணத்துக்கு வாங்கிய முத்து மாலையின் நூல், குழந்தையின் கைப்பாசி நூல் எல்லாம் அதில் இருக்கும். எந்த இடத்தில் அறுந்திருக்கிறது, அறுந்த முனை எப்படி இருக்கிறது என்று கவனித்தாலே வேலையில் பாதி பிடிபட்டுவிடும். பாசியை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நூலையும், அதை இழுத்துப் பிடிக்கிற கையையும்தான் முதலில் தயார் செய்ய வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைப் பக்கம் ஓர் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கணக்கு எழுதுவது என் வேலை. கொட்டை உடைக்கிற, தோல் உரிக்கிற, தரம் பிரிக்கிற பெண்கள் அங்கே நிறைய. எங்கள் மாவட்டத்தில் கோவில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் ஒரே தெருவில் இருக்கும். அண்டி ஆபீஸும் அப்படித்தான். ஜெபமாலை, தஸ்பீஹ் மணி, துளசி மாலை என்று ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். நான் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பாசி கோர்ப்பதைப் பார்த்த பிறகு, அறுந்ததை எல்லாம் கைக்குட்டையில் முடிந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். “பிள்ளே, இத ஒண்ணு கோத்துத் தா. அம்ம தந்த மாலையாக்கும்.” இந்த ஒரு சொல்லுக்காகவே கவனமாகக் கற்றுக்கொண்டேன்.

அதற்கு முன்னால் எனக்குக் குரு என்றால் அம்மா செய்துவைத்த மயில்தான். ஒரு காலத்தில் இங்கே எல்லார் வீட்டு ஷோகேஸிலும் கண்ணாடி மாதிரி மின்னும் பிளாஸ்டிக் பாசியில் செய்த மயிலோ வாத்தோ கிளியோ இருக்கும். டி.வி. மேல் ஒரு பாசி விரிப்பு கிடக்கும். எல்லாம் தங்கூசி என்கிற நைலான் நூலில் கோர்த்தவை. அம்மாவின் மயில் யாரும் தொடாமலே ஒருநாள் கழுத்து விட்டுப்போயிற்று. எடுத்துப் பார்த்தால் பாசி ஒன்றும் கெடவில்லை. தங்கூசிதான் மஞ்சள் பூத்து, மடக்கினால் ஒடிகிற நிலைக்கு வந்திருந்தது. ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் அந்த ஷோகேஸ் இருந்தது. நைலான் வெயிலில் இருக்க இருக்க பலம் இழக்கும். பல வருடம் போனால் ஒடியும். மயிலின் மிச்ச உடம்பை நான் ஒட்டவைக்கவில்லை. வாலில் இருந்து தலை வரை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்து, எந்தப் பாசிக்குள் இரண்டு முனையும் எதிரெதிராக நுழைந்திருக்கிறது என்று தாளில் வரைந்துகொண்டேன். நாலு பாசிக்கு ஒரு சதுரம், அந்தச் சதுரத்தின் ஒரு பக்கத்தை அடுத்த சதுரம் பகிர்ந்துகொள்ளும். அவ்வளவுதான் அதன் அடிப்படை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இற்றுப்போய்க் கிடந்தால் தூக்கி எறியாமல் பிரித்துப் பாருங்கள். வீடியோ பார்ப்பதைவிட அது நன்றாகச் சொல்லித்தரும்.

சரி, மாலைகள் எங்கே அறுகின்றன என்று சொல்கிறேன்.

என்னிடம் வருவதில் பெரும்பாலானவை கொக்கிக்குப் பக்கத்தில்தான் அறுந்திருக்கும். மாலையைப் போடும்போதும் கழற்றும்போதும் முழு இழுப்பும் அங்கே விழுகிறது. நூல் நேராக உலோக வளையத்தைச் சுற்றியிருந்தால் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தேய்த்துவிடும். வளையத்தின் இரு முனையும் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தால் நூல் அதற்குள் நழுவிப் போய்விடும். இதற்கு நான் கண்ட நல்ல வழி ஆரி வேலைக்காரர்கள் வைத்திருக்கும் ஜர்தோசி ஸ்பிரிங். பிளவுஸில் தைக்கிற அந்த மெல்லிய சுருள்கம்பியில் அரை அங்குலத்துக்கும் குறைவாக ஒரு துண்டு வெட்டி, கொக்கியைச் சுற்றுகிற நூலின்மேல் சட்டை மாதிரி மாட்டிவிட்டால் நூல் உலோகத்தில் உரசாது. முத்து கோர்க்கும் தொழிலாளர்களும் இதே வேலைக்கு இப்படி ஒரு சுருளைத்தான் பயன்படுத்துகிறார்கள். நாகர்கோவில் செம்மாங்குடி ரோட்டில் தையல் சாமான் விற்கும் கடைகளில் ஜர்தோசி கிடைக்கும். அப்புறம், கொக்கிப் பக்கம் நூலை ஒருமுறை சுற்றி விட்டுவிடாமல் நாலைந்து முறை போய் வர வேண்டும்.

இரண்டாவது இடம், பாசியின் துளை விளிம்பு. இது கண்ணுக்குத் தெரியாத எதிரி. கண்ணாடிப் பாசி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் காரணம் புரியும். உருகிய கண்ணாடியை உள்ளே துளை இருக்கும்படி நீளக் குழாயாக இழுத்து, ஆறிய பிறகு சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்குவார்கள். நறுக்கிய விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதை மறுபடி சூடாக்கினால்தான் விளிம்பு உருகி மழுங்கும். நம் நாட்டுக்கு இது புது விஷயம் இல்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே இப்படி இழுத்த கண்ணாடியில் பாசி செய்திருக்கிறார்கள். அந்த வகைப் பாசிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரை போயிருக்கின்றன. ஆந்திரத்தில் திருப்பதிக்குப் பக்கத்திலுள்ள பாப்பநாயுடுபேட்டையில் அதே முறையை அண்மைக்காலம் வரை கைவிடாமல் வைத்திருந்தார்கள். நறுக்கிய துண்டுகளைச் சாம்பலில் கலந்து சூடாக்குவார்கள்; ஒன்றோடொன்று ஒட்டாமலும் துளை அடைபடாமலும் விளிம்பு மழுங்கிவரும். 2020இல் இத்தாலியும் பிரான்சும் சேர்ந்து விண்ணப்பித்த கண்ணாடிப் பாசிக் கலையை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அரிக்கமேடுதான் ஞாபகத்துக்கு வந்தது. நம் பாட்டன்மாரும் இந்த வேலையில் உலகத்துக்குச் சரக்கு அனுப்பியவர்கள்.

ஆக, சூடாக்கி மழுக்காமல் விட்ட நீளக்குழாய்ப் பாசிதான் நூலுக்கு ஆபத்து. நம் கடைகளில் பைப் பீட்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதைக் கோர்க்கும்போது ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் ஒரு சின்ன உருண்டைப் பாசியைக் காவலுக்கு வையுங்கள். நூல் வளைகிற இடம் அந்த உருண்டைக்குள் வந்துவிடும், கூர் விளிம்பில் படாது. வாங்கும்போதே ஒரு கைப்பிடியைத் தட்டில் கொட்டி, விளிம்பு உடைந்தது, துளை அடைந்தது, கோணலாக வெட்டுப்பட்டது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய்க் கையோடு பொறுக்கினால் பாசி விரலில் ஒட்டிக்கொண்டே வரும். கையைக் கழுவிவிட்டு உட்காருங்கள்.

மூன்றாவது, முடிச்சு. இதைச் சொல்லித்தந்தவர் குளச்சலில் கடல்தொழில் செய்யும் ஓர் அண்ணன். என்கூட வேலை பார்க்கும் அக்காவின் வீட்டுக்காரர். நான் தங்கூசியில் முடிச்சுப் போடுவதைப் பார்த்துவிட்டு அவரே கையில் வாங்கிக் காட்டினார். “தங்கச்சி, இதுக்கு ஒத்த முடிச்சு நிக்காது. ரெண்டு சுத்துப் போட்டு, எச்சிலத் தொட்டு, மெல்ல இறுக்கு. காஞ்ச நூல படக்குன்னு இழுத்தா அந்த எடத்துல சூடு புடிச்சுப் பலம் போயிரும்.” அன்றிலிருந்து தங்கூசியில் நான் போட்ட முடிச்சு எதுவும் நழுவியதில்லை. முடிச்சின் மிச்ச முனையை ஒட்ட நறுக்கவும் கூடாது. மூன்று நாலு பாசிக்குள் நுழைத்து மறைத்துவிட்டுப் பிறகு நறுக்க வேண்டும்.

அதே கடற்கரைக் கடைகளில் இன்னொரு நூலும் கிடைக்கிறது. மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த தூண்டில் நூல், பிரெய்ட் என்று கேட்க வேண்டும். வெளிநாடுகளில் பாசி வேலை செய்கிறவர்கள் ஃபயர்லைன் என்ற நூலைக் கொண்டாடுவார்கள். அதுவும் அடிப்படையில் மீன்பிடி நூல்தான். நீளாது, கண்ணாடி விளிம்புக்குச் சுலபத்தில் அசையாது, நைலானைவிட ஒல்லியாக இருந்தே அதிக எடை தாங்கும். சாதாரணக் கத்தரி அதன் முனையைப் பிசிறாக்கும். கூரான கத்தரி ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். வழுவழுப்பான நூல் என்பதால் முடிச்சை மட்டும் நம்பக் கூடாது; பாசிகளுக்குள் வளைந்து வளைந்து போய்த்தான் நிற்க வேண்டும். சாயம் உதிர்கிற நிறங்களும் உண்டு. வெள்ளைப் பாசி கோர்க்கிற அன்று நூலை ஒரு துணியில் உருவிப் பார்த்துவிடுங்கள்.

எலாஸ்டிக் நூலைப் பற்றி இவ்வளவுதான் சொல்வேன்: குழந்தைக்கு ஒரு பிறந்தநாளுக்குப் போட்டுக் கழற்றுவதற்குச் சரி. வியர்வையும் எண்ணெயும் பட்டு தினமும் கையில் கிடக்கிற வளையலுக்கு அது தாங்காது.

பருத்தி நூலும் பட்டு நூலும் மணி மாலைகளுக்கு உண்டு. இங்கே வியர்வை அதிகம், மழை ஆனி ஆடியிலும் வரும், ஐப்பசி கார்த்திகையிலும் வரும். ஈரம் குறையாத ஊர். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். அதற்கு நான் கண்ட மருந்து தேன்மெழுகு. மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போன ஊர். தேன் கூட்டுக்காரர்களிடம் கேட்டால் மெழுகும் கிடைக்கும். ஒரு சின்னக் கட்டியின்மேல் நூலை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இரண்டு முறை உருவினால் போதும். நூல் பிசிறு அடங்கும், சிக்கல் குறையும், ஈரம் ஏறாது. முக்கியமாக, தையலில் நூல் வழுக்காமல் நீங்கள் இழுத்த இடத்திலேயே நிற்கும். மெழுகு அதிகமானால் பாசித் துளையில் அடையும். உருவிய பிறகு விரலிடுக்கில் வைத்து ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

மாலை பழுது பார்க்கிறவர்களுக்கு எண்ணிக்கை மிக முக்கியம். ஜெபமாலையில் 53 சிறிய மணி, 6 பெரிய மணி. ஐந்து பத்துக்கு ஐம்பது, தொங்கலில் மூன்று. பெரிய மணிகள் பத்துகளுக்கு இடையிலும் தொங்கலிலும் வரும். தஸ்பீஹ் என்றால் 33 அல்லது 99. ஐயப்ப மாலை 108 அல்லது 54. அறுந்து சிதறியபோது ஒன்றிரண்டு காணாமல் போயிருக்கும். அதற்குப் பதிலாக வேறு மணி போடுவதற்கு முன் உரியவரிடம் கேட்டுவிடுவேன். எண்ணாமல் கோர்த்துக் கொடுத்தால் அவர்கள் பிரார்த்தனையின் நடுவில் தடுமாறுவார்கள். அது பெரிய வருத்தம். இந்த மாலைகளில் மணிக்கு மணி இடையே ஒரு முடிச்சுப் போடுவது என் வழக்கம். மணிகள் ஒன்றையொன்று உரசாது, அறுந்தாலும் ஒன்றுதான் விழும். முடிச்சு மணியை ஒட்டி உட்கார, அதற்குள் ஊசி முனையைக் கொடுத்து மணிவரை தள்ளிக்கொண்டே வந்து ஊசியை உருவ வேண்டும். முதல் மாலையில் முடிச்சுகள் தள்ளித் தள்ளித்தான் விழும். பிறகு விரலுக்கு அளவு வந்துவிடும். ஐப்பசி கடைசி வாரம் துளசி மாலைகளும், ஜெபமாலை மாதமான அக்டோபரில் ஜெபமாலைகளும் கூட்டமாக வரும். எங்கள் ஊரில் அது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சமயம்.

இனி பாசி வாங்குவதற்கு வருவோம். கண்ணாடிச் சிறுபாசிகளின் அளவு எண் முதலில் பலரைக் குழப்பும். எனக்கு அது குழப்பவில்லை, காரணம் முந்திரிப் பருப்பு. பருப்பில் 180 என்றால் பெரியது, 320 என்றால் சிறியது. ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்கிற கணக்கு அது. பாசியிலும் எண் ஏற ஏற உருவம் சிறுக்கும். 6ஆம் நம்பர் சுமார் 4 மி.மீ., 8 சுமார் 3 மி.மீ., 11 சுமார் 2 மி.மீ., 15 என்றால் ஒன்றரை மி.மீ. புதிதாகத் தொடங்குகிறவர்கள் 8ஆம் நம்பரில் தொடங்குங்கள். கண் நோகாது, தவறினால் பிரிக்கச் சுலபம். தையல் கைக்கு வந்த பிறகு 11க்குப் போகலாம். பெரும்பாலான வடிவப் படங்கள் 11ஆம் நம்பருக்குத்தான் போட்டிருப்பார்கள்.

ஆரி வகுப்புகளில் சுகர் பீட்ஸ் என்று விற்பதும் இந்தக் குடும்பம்தான். துணியில் தைக்க அது போதும். பாசியோடு பாசி பின்னும் வேலைக்கு ஒரே அளவாக இருப்பது முக்கியம். ஜப்பானில் மியூக்கி, டோஹோ என்ற நிறுவனங்கள் செய்வது மிகவும் சீராக இருக்கும், விலை அதிகம். மியூக்கியின் டெலிகா என்ற உருளைப் பாசி செங்கல் அடுக்கியது போல் உட்காரும். செக் நாட்டுப் பாசி கொஞ்சம் உருண்டையாக, வளையம் போலத் தட்டையாக இருக்கும். நம் நாட்டுப் பாசி விலை மலிவு, அளவு ஏற்றத்தாழ்வு உண்டு. நான் நம் நாட்டுப் பாசியைத்தான் அதிகம் வாங்குகிறேன். வாங்கியதும் தடித்தது, ஒல்லி, நடுத்தரம் என்று மூன்றாகப் பிரித்துவிடுவேன். நடுத்தரம் தட்டையான வேலைக்கு. வளைவு வரும் இடத்தில் உள்பக்கம் ஒல்லி, வெளிப்பக்கம் தடிப்பு வைத்தால் பட்டை தானாகவே வளையும். அப்போது எதுவும் வீணாவதில்லை.

நிறம் நிற்குமா என்று வாங்கிய அன்றே பாருங்கள். கொஞ்சம் பாசியை வெந்நீரும் சோப்பும் சேர்த்து ஊறவைத்து வெள்ளைத் துணியில் தேயுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு நிறம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இன்னும் கொஞ்சத்தைப் பாதி மூடியபடி ஜன்னல் வெயிலில் சில வாரம் வைத்துவிட்டு, மூடின பாதியையும் மூடாத பாதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இளஞ்சிவப்பும் ஊதாவும்தான் பெரும்பாலும் வெளுக்கும். துளைக்குள் வெள்ளிப்பூச்சு உள்ள பாசி முதலில் ஜொலிக்கும், வியர்வையில் கறுத்துவிடும்; காதில் போடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், கையில் கழுத்தில் வேண்டாம். கடலுக்குப் பக்கத்து வீடுகளில் முலாம் பூசிய கொக்கி சீக்கிரம் பச்சை பூக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுத்து வாங்கிவிடுங்கள்.

ஊசிக்கும் எண் ஏற ஏற ஒல்லி. 10ஆம் நம்பரும் 12ஆம் நம்பரும் இருந்தால் போதும். ஒரே துளைக்குள் நூல் மூன்று நாலு முறை போய் வர வேண்டியிருக்கும். நுழையாதபோது குறட்டால் பிடித்து இழுத்தால் பாசி உடைந்து வேலையின் நடுவில் ஓட்டை விழும். ஒல்லி ஊசிக்கு மாறுங்கள். ஊசி வளைவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பாசி ஊசி வளையத்தான் செய்யும். நூல் நீளம் இரு கையையும் விரித்த அளவு, கடல்காரர்கள் ஒரு பாகம் என்று சொல்வது. அதற்கு மேல் எடுத்தால் சிக்கல் அவிழ்ப்பதிலேயே பொழுது போய்விடும்.

முதல் தையலாக நான் சொல்லித்தருவது பெயோட்டி. சிவப்பு, வெள்ளை, பச்சை என்று மூன்று நிறம் எடுத்துக்கொள்ளுங்கள். வடசேரியில் செய்கிற கோவில் நகைகளில் சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும் முத்தும் சேர்ந்து எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த நிறக் கூட்டை நம்பலாம். நூலின் நுனியில் ஒரு சாண் விட்டு, ஒரு பாசிக்குள் இரண்டு முறை நுழைத்துத் தடுப்பாக நிறுத்துங்கள். பிறகு சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பத்துப் பாசி கோர்த்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு பச்சையை எடுங்கள். கடைசியாகக் கோர்த்த பத்தாவதை விட்டுவிட்டு ஒன்பதாவதுக்குள் திரும்பி நுழையுங்கள். இன்னொரு பச்சை, எட்டாவதை விட்டு ஏழாவதுக்குள். இப்படியே முதல் பாசி வரை வந்தால் ஐந்து பச்சை சேர்ந்திருக்கும். திருப்பிப் பிடித்தால் பச்சைப் பாசிகள் பல் மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும். அடுத்த வரிசையில் ஒரு பாசி எடுத்து, துருத்தி நிற்கும் அடுத்த பச்சைக்குள் நுழைவதுதான் வேலை. மூன்று வரிசை வரும்வரை கையில் கோணலாகத் துள்ளிக்கொண்டே இருக்கும், விட்டுவிடாதீர்கள். அதன் பிறகு பட்டை தானாக நேராகிவிடும். தடுப்புப் பாசியைக் கடைசியில் உருவிவிடலாம்.

இழுப்பு எவ்வளவு என்பதைச் சொல்லால் விளக்குவது கடினம். நூலை இடது கை சுண்டுவிரலில் ஒருமுறை சுற்றிப் பிடித்தால் இழுப்பு மாறாது. பட்டை சுருண்டால் அதிகம் இழுக்கிறீர்கள். பாசிக்கு இடையே நூல் தெரிந்தால் தளர விட்டிருக்கிறீர்கள். கோபத்தில் இருக்கும் நாளில் செய்த வரிசையும் நிம்மதியான நாளில் செய்த வரிசையும் ஒரே பட்டையில் வேறுவேறாகத் தெரியும். நான் அப்படிப்பட்ட நாளில் பின்னுவதில்லை. பாசி பிரிப்பேன், மெழுகு தடவுவேன், அதுவும் வேலைதான். நூல் தீரும்போது ஒரு சாண் மிச்சம் வைத்து நிறுத்துங்கள். புது நூலைச் சில வரிசை பின்னால் இருந்து குறுக்கும் நெடுக்குமாகத் திசை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு வந்து, பழைய நூல் நின்ற பாசியில் இருந்து தொடருங்கள். பழைய முனையையும் அதேபோல் பின்னோக்கி ஓட்டி ஒளித்துவிடுங்கள். முடிச்சைப் பாசிக்குள் இழுத்துவிட்டால் துளை அடைந்து அடுத்த முறை ஊசி நுழையாது.

இழுப்பின் அருமையை நான் நன்றாகப் பார்த்தது தோவாளையில். அங்கே கட்டுகிற மாணிக்கமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரளி, ரோஜா, நொச்சி இலை இவற்றை மடித்து மடித்துத் தட்டையாக அடுக்கிக் கட்டுவார்கள். முன்பக்கம் பார்த்தால் கல் பதித்த பட்டை மாதிரி இருக்கும். கட்டுகிற ஒரு பெரியவர் பக்கத்தில் வெகுநேரம் நின்று பார்த்தேன். பூ ஒவ்வொன்றும் ஒரு அளவு, மடிப்பும் அதற்கேற்ப மாறுகிறது. நூலை இழுக்கும் கை மட்டும் மாறவே இல்லை. “பூவ பாக்காதீங்க மக்களே, என் கையப் பாருங்க” என்றார். பாசி வேலைக்கு வந்த பிறகு யாரும் எனக்கு இதைவிட நல்ல பாடம் சொல்லவில்லை.

விதைகளைக் கோர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மஞ்சாடி விதையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல சிவப்பு, எத்தனை வருடமானாலும் மங்காது. மிகக் கடினம் என்பதால் சின்னத் துளைக் கருவியால்தான் துளையிட முடியும். களிமண்ணில் அழுத்தி வைத்துத் துளைத்தால் நழுவாது. குன்றிமணியைத் தொடாதீர்கள். கறுப்புக் கண்ணோடு அழகாக இருக்கும், ஆனால் கொடிய விஷம். முழு விதையாக இருக்கும்வரை ஓடு காப்பாற்றும். துளையிட்டால் ஓடு போய்விட்டது, தூளும் பறக்கும். குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம். கண்ணாடிப் பாசியும் குழந்தை கைக்கு எட்டக் கூடாது. தரையில் சிதறினால் விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள். ஒளிந்திருப்பது எல்லாம் மின்னும். ஈர விரலால் ஒற்றி எடுத்துவிடலாம்.

வேலை செய்கிற இடத்தில் தட்டு வேண்டாம், பாசி உருண்டோடும். பழைய டர்க்கித் துண்டை நாலாக மடித்துப் போட்டால் பாசி நின்ற இடத்தில் நிற்கும், துளையும் ஊசிக்குத் தோதாகத் தெரியும். வெள்ளை வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி வாசலில் நிற்கிற தென்னையைப் பாருங்கள், கழுத்தைச் சுழற்றுங்கள். நாற்பது தாண்டியவர்கள் வாசிப்புக் கண்ணாடி போட வெட்கப்பட வேண்டாம். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள்; அந்தக் காற்றில் நூல் ஒரு நிலையில் நிற்காது.

“இவ்வளவு செய்யுத, வித்துக் காசாக்கலாமே” என்று மைனி முதல் பக்கத்து வீட்டுக்காரர்கள் வரை எல்லாரும் கேட்டாயிற்று. ஆரி வேலை செய்து குடும்பம் நடத்துகிற பெண்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வேகமும் கணக்கும் வேறு, அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஒரு பெயோட்டி வளையலுக்குப் பல சாயங்காலங்கள் போகும். அதற்குச் சரியான கூலியைப் போட்டு விலை சொன்னால் வாங்க ஆள் இல்லை, குறைத்துச் சொன்னால் என் கைக்கே நான் அநியாயம் செய்கிறேன். அதனால் பழுது பார்ப்பதற்கு நூல் காசு மட்டும் வாங்குகிறேன், செய்வதை வேண்டியவர்களுக்குக் கொடுக்கிறேன். புதிதாகப் பழகுகிறவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடமாவது விலையைப் பற்றி நினைக்காமல் செய்தால் கை சுதந்திரமாக வளரும் என்று நம்புகிறேன்.

இப்போது என் கையில் இருப்பது மாணிக்கமாலையைப் பார்த்து வரைந்த ஒரு கழுத்துப் பட்டை. 11ஆம் நம்பரில் சிவப்பும் வெள்ளையும், ஓரத்துக்குப் பச்சை. பிரித்துவைத்த ஒல்லிப் பாசிகளைக் கழுத்துப் பக்கமும் தடித்தவற்றை வெளிப்பக்கமும் வைத்துப் பின்னிக்கொண்டு வருகிறேன். ஒரு விரல் நீளம் வந்திருக்கிறது, வளைவு நான் நினைத்தபடியே விழுகிறது. பச்சைதான் நொச்சி இலையின் நிறத்துக்கு வரவில்லை. கடைகளில் கிடைப்பது எல்லாம் கிளிப்பச்சையாக இருக்கிறது. கொஞ்சம் சாம்பல் கலந்த பச்சையை எங்காவது பார்த்தால் வாங்கிவிட்டுத்தான் ஓரத்தைத் தொடங்க வேண்டும்.